135 எடுப்பதா, 137 எடுப்பதா? முதலாம் வருடக் கல்குலஸ் அனுபவங்கள்

உயிர்இரசாயனம், நான்காம் வருடம்

பாடம் பதிகிற நேரம் வந்துவிட்டால் தம்பி, தங்கச்சிமாரிடமிருந்து வரும் முதல் கேள்வி இதுதான்: "அக்கா, 135 எடுக்கவோ, 137 எடுக்கவோ?" ரொறன்ரோ பல்கலைக்கழகத்தின் சென்ற் ஜோர்ஜ் வளாகத்துக்கு விஞ்ஞானம் படிக்க வருகிறவர்களுக்குக் கல்குலஸில் (நுண்கணிதத்தில்) மூன்று வழி இருக்கிறது; இந்த எண்கள் பாடங்களின் குறியீடுகள். 135-ம் அதைத் தொடரும் 136-ம் தவணைக்கு ஒன்றாக வரும். 137 செப்டம்பரில் தொடங்கி ஏப்ரல் வரை போகும் ஒரே பாடம், நிறுவல்களோடு, அதாவது ஒரு கூற்று ஏன் உண்மை என்று படிப்படியாகக் காட்டுவதோடு. 157 கணிதத்தையே பிரதானமாகப் படிக்கப் போகிறவர்களுக்கு. எடுத்தவர்கள் உங்கள் அனுபவத்தை எழுதுங்கள், வருகிற பிள்ளைகளுக்கு உதவும். முதலில் என்னுடையது.

நான் 135, 136 எடுத்தேன். மருத்துவத்துக்கு விண்ணப்பிக்கும் எண்ணம் அப்போதே இருந்தது. ஒன்ராறியோ மருத்துவக் கல்லூரிகளுக்கு விண்ணப்பிக்கும்போது எங்கள் கம்பஸின் ஏ பிளஸ் (90-இலிருந்து) 4.0 ஆகவும், ஏ 3.9 ஆகவும், ஏ மைனஸ் (80-இலிருந்து) 3.7 ஆகவும் கணக்கிடப்படும். 80-க்கும் 90-க்கும் இடையிலுள்ள தூரம் அங்கே பெரிய தூரம். இதை யோசித்துப் பாடம் தெரிவு செய்கிறவர்களைக் குறைவாகப் பேசுகிறவர்கள் உண்டு. எனக்கு அது நியாயமாகப் படவில்லை. புள்ளியும் ஒரு நிஜமான தேவைதான்.

ஆனால் 135 வெறும் புள்ளிக்கான பாடம் என்றும் நினைக்க வேண்டாம். ஒரு குளத்து மீன் தொகை எப்படிப் பெருகும் என்று ஒரு கணக்கு வரும். குளம் தாங்கக்கூடிய உச்ச அளவு ஒன்று இருக்கிறது. தொகை எந்த இடத்தில் இருக்கும்போது வளர்ச்சி மிக வேகம்? வகையிட்டுப் பூச்சியத்துக்குச் சமன் போட்டால், சரியாக அந்த உச்ச அளவின் பாதியில் என்று விடை வருகிறது. அதுவரை மீன்பிடி வரம்பு, பக்டீரியா வளர்ப்பு என்று உயிரியலில் தனித்தனியாகப் படித்தவை எல்லாம் ஒரே வளைகோட்டில் வந்து நின்றன. இரண்டாம் வருடம் நொதியங்களின் வேகத்தைப் படித்தபோது, வரைபைப் பார்த்த உடனேயே எது எல்லை, எது சரிவு என்று தெரிந்தது 135-ல் கிடைத்த பழக்கத்தால்தான்.

இலகுவான பாடம் என்று கேள்விப்பட்டு வருகிறவர்கள் ஒன்றைத் தெரிந்துகொள்ளுங்கள். 135 சோதனைகளில் நேரம் போதாது. முறை தெரிந்திருந்தால் மட்டும் போதாது, கை ஓட வேண்டும். அடுத்தது, ஒன்ராறியோ பன்னிரண்டாம் வகுப்புக் கல்குலஸில் தொகையீடு (integration) இல்லை. ஜனவரியில் 136 தொடங்கும்போது எங்களில் பெரும்பாலானவர்களுக்கு எல்லாமே புதிது.

பௌதிகம், மூன்றாம் வருடம்

நான் 137. அக்கா எழுதியதில் எனக்கு முரண்பாடு இல்லை. ஆனால் இவை இரண்டையும் ஒரே ஏணியின் கீழ்ப்படி, மேற்படி என்று பார்ப்பதை மட்டும் விட்டுவிடச் சொல்வேன். தலைப்புகள் ஏறக்குறைய ஒன்றேதான்: எல்லை, வகையீடு, தொகையீடு, தொடர்கள். கேட்கிற கேள்விதான் வேறு. 135 விடை என்ன என்று கேட்கும், 137 உனக்கு எப்படித் தெரியும் என்று கேட்கும்.

ஒரு உதாரணம். ஓர் எண் 2-ஐ நெருங்க நெருங்க அதன் வர்க்கம் 4-ஐ நெருங்கும். பத்தாம் வகுப்புப் பிள்ளைக்கும் தெரியும். 137-ல் இதை நிறுவ வேண்டும். யாரோ ஒருவர் எப்சிலன் என்று ஒரு சின்ன இடைவெளியைத் தருகிறார். வர்க்கம் 4-லிருந்து அதற்குமேல் விலகக் கூடாது என்கிறார். அப்படியானால் எண் 2-லிருந்து எவ்வளவு விலகலாம்? டெல்டா எனப்படும் அந்த அளவை நீங்கள் சொல்ல வேண்டும். வர்க்கத்துக்கும் 4-க்கும் உள்ள வித்தியாசத்தை இரண்டு காரணிகளாகப் பிரிக்கலாம்: எண்ணிலிருந்து 2 கழித்தது, எண்ணோடு 2 கூட்டியது. முதலாவது நம் கையில் இருக்கிறது. இரண்டாவது எவ்வளவு பெருக்கும் என்று தெரியாது. அதனால் முதலில் எண்ணை 1-க்கும் 3-க்கும் இடையில் அடைத்துவிடுகிறோம். இப்போது இரண்டாவது காரணி 5-ஐத் தாண்டாது. ஆகவே 1, எப்சிலனின் ஐந்தில் ஒரு பங்கு, இந்த இரண்டில் எது சிறியதோ அதுதான் டெல்டா.

கணக்கு மூன்று வரிதான். ஆனால் எதை முதலில் சொல்வது, எதைக் கருதுகோளாக எடுப்பது, "எல்லா எப்சிலனுக்கும்" என்பதை எங்கே வைப்பது என்பதில்தான் புள்ளி போகும், வரும். வரிசையை மாற்றி எழுதினால் பொருளே மாறிவிடும்.

எங்கள் வீட்டில் அப்பா ஊரில் ஏ/எல்-இல் (இலங்கையின் உயர்தரத்தில்) இணைந்த கணிதம் செய்தவர். தொகையீடு என்றால் அப்பாவுக்குத் தண்ணீர் பட்டபாடு; பகுதிகளாகத் தொகையிடுவதை எனக்குச் சொல்லித் தந்தவரே அவர்தான். நான் கொண்டுவந்த எப்சிலன் கணக்கை வாங்கிப் பார்த்துவிட்டு, "இது சரியென்று தெரிந்த விஷயம்தானே, எதற்கு நிறுவச் சொல்கிறார்கள்?" என்றார். அந்தக் கேள்வியை நாங்கள் இரண்டு பேரும் சமையலறை மேசையில் வெகுநேரம் பேசினோம். வரைபைக் கீறிப் பார்க்க முடியாத சார்புகளும் இருக்கின்றன, அங்கே கண்ணை நம்ப முடியாது என்று நான் சொன்னபோது அவர் ஒத்துக்கொண்டார். பிறகு ஒவ்வொரு ஒப்படை வரும்போதும் அவரும் ஒரு தாளை எடுத்துக்கொண்டு பக்கத்தில் அமர்ந்துவிடுவார்.

இன்னொன்றையும் நன்றியோடு சொல்ல வேண்டும். 137-க்கான பாட வீடியோக்கள் யூடியூபில் எல்லோருக்கும் திறந்திருக்கின்றன. அவற்றில் கற்பிப்பவர் அல்ஃபோன்சோ கிராசியா-சாஸ். வகுப்புக்கு வருமுன்பே வீடியோவைப் பார்த்துவிட்டு, வகுப்பில் கணக்குகளோடு மல்லுக்கட்டும் முறையில் பாடத்தை நடத்தியவர். 2021-இல் கோவிட் நோயில் காலமானார். நான் அவரை நேரில் கண்டதில்லை. ஆனால் ஒரு நிறுவலைத் தொடங்குமுன் தாளில் எதை எழுதிவைக்க வேண்டும் என்று அந்தக் குரலில்தான் கற்றுக்கொண்டேன்.

இரசாயனம், படிப்பு முடித்தவர்

நான் 137-இல் தொடங்கி ஒக்டோபருக்குள் 135-க்கு மாறினேன். முதல் வாரங்களில் அப்படி இறங்க வழி இருக்கிறது. கடைசித் திகதி வருடத்துக்கு வருடம் மாறும், அதைக் கம்பஸின் நாட்காட்டியில் நீங்களே பார்த்துக்கொள்ளுங்கள். மாறியதற்கான காரணத்தைச் சொல்கிறேன். 137 முழு வருடப் பாடம், ஒரு முழு கிரெடிட். அதில் வரும் ஒரு புள்ளி, அரைக் கிரெடிட் பாடம் இரண்டின் பாரத்தைத் தனியே சுமக்கும். 135-ம் 136-ம் அப்படியில்லை. முதல் தவணையில் சறுக்கினால் இரண்டாம் தவணை புதுக் கணக்கு. நான் மாலையில் வேலை செய்துகொண்டு படித்தவன். இரசாயன ஆய்வுகூட அறிக்கைகளும் இருந்தன. நிறுவல்களுக்கு வேண்டிய நேரம் என்னிடம் இருக்கவில்லை, அவ்வளவுதான்.

வெப்ப இயக்கவியல் படிக்கும்போது 137 இல்லாமல் கஷ்டப்பட்டேனா என்று கேட்பார்கள். இல்லை. அங்கே வேண்டியது பகுதி வகையீடு: அமுக்கத்தை மாறாமல் வைத்து வெப்பநிலையோடு கனவளவு எப்படி மாறுகிறது என்பது போன்றவை. அது முதலாம் வருடப் பாடங்கள் எதிலும் பிரதானமாக வராது. இரண்டாம் வருடப் பல்மாறிக் கல்குலஸ் 235-இல்தான் வரும், அதற்கு 136 போதும். அதே பாடத்தின் நிறுவல் வடிவமான 237-க்குப் போக விரும்புகிறவர்களுக்குத்தான் 137 பெரிதும் உதவும். ஆகவே முதலாம் வருடத்தைப் பார்க்காதீர்கள். உங்கள் துறையின் மூன்றாம் வருடப் பாடங்களைத் திறந்து வைத்து, அவை என்ன கேட்கின்றன என்று பின்னோக்கி வாருங்கள்.

கணிதம், இரண்டாம் வருடம்

157 பற்றி யாரும் எழுதவில்லை. விஞ்ஞானத் துறைக்காரர்களுக்குச் சுருக்கமாகச் சொல்கிறேன். 2-க்கு ஒரு வர்க்கமூலம் உண்டு என்பதையே நிறுவிவிட்டுத்தான் மேலே போவோம். அந்த வரியை வாசித்து உங்களுக்கு ஆசை வந்தால் வாருங்கள். பெயருக்காக, பெருமைக்காக என்றால் வேண்டாம்.

ஸ்காபரோ வளாகம், உயிரியல்

அதே பல்கலைக்கழகம்தான், ஆனால் எங்கள் வளாகத்தில் கல்குலஸ் பாட எண்கள் வேறு. 29 உயிரியல் மாணவர்களுக்கு, 30 பௌதிக விஞ்ஞானங்களுக்கு, 31 கணிதத் துறைக்கு. இங்கே தமிழ்ப் பிள்ளைகள் நிறையப் பேர் என்பதால் "எல்லாரும் 29தான் எடுக்கினம்" என்ற பேச்சு முதல் நாளிலேயே காதில் விழும். கூட்டாளிகள் எடுக்கிறார்கள் என்று எடுக்க வேண்டாம். உயிரியலுக்கென்று வந்து இரண்டாம் வருடம் இரசாயனத்துக்கோ பௌதிகத்துக்கோ மாறுகிறவர்கள் இருக்கிறார்கள். மனம் இன்னும் முடிவாகவில்லை என்றால், 29-ஐ எந்தெந்தத் துறை ஏற்கிறது என்று துறை ஆலோசகரிடம் பதியுமுன்பே கேளுங்கள். நான் கேட்டேன், பத்து நிமிடத்தில் தெளிவாகச் சொல்லிவிட்டார்கள்.

பொறியியல் பக்கம் போன பழைய மாணவர்

எங்கள் காலத்தில் 135-க்கு ஜேம்ஸ் ஸ்டூவர்ட்டின் தடித்த புத்தகம். அவர் ஹமில்டனில் மக்மாஸ்டர் பல்கலைக்கழகப் பேராசிரியர், வயலின் கலைஞரும்கூட. புத்தக வருமானத்தில் ரொறன்ரோவின் ரோஸ்டேலில் கண்ணாடியும் மரமுமாக வளைந்து வளைந்து போகிற ஒரு வீடு கட்டி, அதற்குத் தொகையீட்டின் பெயரையே வைத்தார். 2014-இல் இறந்துவிட்டார். கல்குலஸ் வறண்டது என்று சொல்கிற பிள்ளைகளிடம் நான் இந்த வீட்டைப் பற்றிச் சொல்வதுண்டு. அவ்வளவு ஆசையோடு ஒரு மனிதர் அதற்குள் வாழ்ந்திருக்கிறார்.

இந்த வருடம் சேர்பவர்

எல்லோருக்கும் நன்றி. எனக்கு நரம்பியல் விருப்பம், பௌதிகமும் பிடிக்கும். பள்ளிக்கூடத்தில் கல்குலஸ் 94. இது 137-க்குப் போதுமா, அக்கா?

உயிர்இரசாயனம், நான்காம் வருடம்

தங்கச்சி, 94 நல்ல புள்ளி, ஆனால் அது இந்தக் கேள்விக்குப் பதில் சொல்லாது. பள்ளிக்கூடத்தில் நிறுவல் எழுத வைத்திருக்க மாட்டார்கள். ஓகஸ்டில் நேரம் கிடைக்கும்போது அந்த 137 வீடியோக்களில் முதல் தொகுதியைப் பாருங்கள். எல்லைக்கு அவர்கள் தரும் வரைவிலக்கணம் வந்ததும் நிறுத்திவிட்டு, மேலே தம்பி எழுதிய வர்க்கக் கணக்கை அவர் எழுதியதைப் பார்க்காமல் நீங்களே எழுதிப் பாருங்கள். அன்றே வராது, எங்கள் யாருக்கும் அன்றே வந்ததில்லை. அடுத்த நாளும் அதே தாளை எடுக்க மனம் வருகிறதா என்று மட்டும் பாருங்கள். வந்தால் 137-இல் பதியுங்கள், முதல் வாரங்களில் இறங்க வழி இருக்கிறது. எழுதியதை இங்கே போடுங்கள், தம்பி பார்த்துச் சொல்வார்.