புதுப்பிப்பு: தங்கையின் பி.காம். சேர்க்கையும் அசல் சான்றிதழும்

பக்கத்து ஊர் சின்னத் தனியார் கல்லூரியில் தங்கைக்கு இடம் கிடைத்தது, மதிப்பெண் பட்டியல் அசலை மூன்று வருடம் அவர்களே வைத்துக்கொள்வார்களாம், கொடுக்கலாமா என்று கேட்டிருந்தேன். கொடுக்கவில்லை.

பல்கலைக்கழக மானியக் குழுவின் 2018 அறிவிப்பை அச்செடுத்துக்கொண்டு அப்பா போனார். அசலைச் சரிபார்த்து உடனே திருப்பித் தர வேண்டும் என்று அதில் தெளிவாக இருக்கிறது. எழுத்தர் அதைப் படித்துவிட்டு முதல்வர் அறைக்குள் போனார். வெளியே வந்ததும் நகல்களில் தங்கையிடம் கையெழுத்து வாங்கிக்கொண்டு அசலை உறையோடு நீட்டினார். அப்பாடா என்றிருந்தது!

அப்புறம், வேறு கல்லூரியில் இடம் வந்தால் கட்டிய பணம் போய்விடுமா என்று கேட்டவர்களுக்கு: அதே அறிவிப்பின்படி சேர்க்கையின் கடைசித் தேதிக்கு 15 நாள் முன்னதாகவே விலகினால் முழுக் கட்டணமும் திரும்பும். அதில் செயலாக்கக் கட்டணமாக மட்டும் 5 சதவீதம் வரை, அதுவும் 5,000 ரூபாய்க்கு மிகாமல்தான், பிடிக்கலாம். கடைசித் தேதி முடிந்து 30 நாள் தாண்டினால் ஒன்றும் கிடையாது. விலகல் கடிதத்தை எழுத்தில் கொடுத்து, நகலில் தேதியோடு முத்திரை வாங்கிவிடுங்கள்.