போக்கிமான் அட்டையை வைத்து உணவுச் சங்கிலிப் பாடமா?

ஜெலுத்தோங் அப்பா:
என் மகள் பினாங்கில் ஒரு தமிழ்ப்பள்ளியில் படிக்கிறாள். உணவுச் சங்கிலிப் பாடத்துக்கு ஆசிரியர் போக்கிமான் விளையாட்டில் வரும் கற்பனைப் பிராணிகளின் அட்டைகளைப் பரப்பி, "எது எதைத் தின்னும்?" என்று கேட்டாராம். இல்லாத பிராணிக்கு ஏது பசி? தெலுக் பஹாங் சாலைக்கு மேலே, பழைய தீயணைப்புக் குழாய்களைக் கொண்டு 2019இல் கட்டிய பாலத்தில், கண்ணைச் சுற்றி வெள்ளை வளையம் போட்ட லங்கூர் குரங்குகள் கடந்து போகின்றன. அதைவிடவா அட்டை சுவையானது?

கறிவேப்பிலை டீச்சர்:
ஐயா, குரங்கைக் காட்ட எனக்கும் ஆசைதான். முப்பத்தைந்து பிள்ளைகளுக்குப் பஸ் யார் பிடித்துத் தருவார்?

ஜெலுத்தோங் அப்பா:
2002இல் 'சயன்ஸ்' இதழில் வந்த பிரிட்டன் ஆய்வைப் படியுங்கள். எட்டு வயதுப் பிள்ளைகள் போக்கிமான்களில் 80 விழுக்காட்டுக்கு அருகில் அடையாளம் சொன்னார்கள். தங்கள் ஊர் உயிரினங்களில் பாதியைக்கூடச் சொல்லவில்லை.

கறிவேப்பிலை டீச்சர்:
அந்த ஆய்வு என் பக்கம்தான் பேசுகிறது. அத்தனை பெயர்களை மனத்தில் வைத்துக்கொள்ளும் பிள்ளைக்கு ஞாபகசக்தி குறைவு என்று சொல்ல முடியாது. ஆர்வத்தைத் தூண்டுவதில் நாம்தான் பின்தங்கிவிட்டோம்.

ஒன்று சொல்கிறேன். எங்கள் பள்ளித் தோட்டத்துக் கறிவேப்பிலையில் ஒரு பச்சைப் புழு இருந்தது. ஒரு பையன் "கேட்டர்பி!" என்று கத்தினான். குச்சியால் தொட்டதும் தலையிலிருந்து கவட்டை போல ஆரஞ்சுக் கொம்பு நீண்டது, ஒரே நாற்றம். கேட்டர்பி என்கிற அந்தப் போக்கிமான் புழுவுக்கும் தலையில் சிவப்புக் கொம்பு உண்டு. அது எதற்கென்று அன்றுதான் அவனுக்கு விளங்கியது. பிறகு கூட்டுப்புழு ஆகும்வரை தினமும் ஓய்வு நேரத்தில் அந்தச் செடியடியில்தான் கூட்டம்.

ஜெலுத்தோங் அப்பா:
போக்கிமான் இல்லாமலும் அந்தச் செடி அங்கேதானே இருந்தது?

கறிவேப்பிலை டீச்சர்:
இருந்தது. மூன்று வருடமாக. ஒருவரும் திரும்பிப் பார்க்கவில்லை.

பத்து பெரிங்கி சித்தப்பா:
இருவரும் ஒன்றை விட்டுவிட்டீர்கள். அந்த விளையாட்டில் புழு வண்ணத்துப்பூச்சி ஆவதைப் 'பரிணாமம்' என்கிறார்கள். அது உருமாற்றம். பரிணாமம் தலைமுறை தலைமுறையாக நடப்பது. ஒரே உயிருக்குள் நடப்பதன்று. என் அண்ணன் மகன், மிருகக்காட்சிசாலைக் குரங்கு எப்போது மனிதனாக மாறும் என்று கேட்கிறான்!

கறிவேப்பிலை டீச்சர்:
அந்தக் குழப்பம் எங்கள் வகுப்பிலும் உண்டு; ஒப்புக்கொள்கிறேன். அதனால் இப்போது பிழை தேடுவதையே பாடமாக்கிவிட்டேன். 2003இல் வந்த 'ஃபைண்டிங் நீமோ' படத்தில் தாய் மீன் இறந்த பிறகும் அப்பா அப்பாவாகவே இருக்கிறார். நிஜக் கோமாளி மீன்களில் பெண் இறந்தால் அதன் துணையான ஆண் பெண்ணாக மாறிவிடும். இதைச் சொன்ன அன்று வகுப்பே எழுந்து நின்றது.

ஜெலுத்தோங் அப்பா:
அட்டை விஷயத்தில் என் கருத்து மாறவில்லை, டீச்சர். ஆனால் அந்தப் புழுவை மகளுக்குக் காட்டலாமென்று இன்று காலை வாசலுக்குப் போனேன். போன வாரம்தான் கறிவேப்பிலைக்கு மருந்தடித்திருக்கிறேன்.

கறிவேப்பிலை டீச்சர்:
எலுமிச்சை இருந்தால் இளந்தளிர்களைப் பாருங்கள், ஐயா. சின்னப் புழு பறவை எச்சம் போலத் தெரியும். துடைத்துவிடாதீர்கள்.