மொரிஷியஸில் பிள்ளைகளுக்கு வாரக் காசு: நூறு ரூபாய்த் தாளா, சில்லறையா?

ரோஸ்ஹில் கணக்கர்: "பத்து வயசுப் பிள்ளைக்கு வாரக் காசை நூறு ரூபாய்த் தாளாவே கொடுங்க, உடைக்க மனசு வராது, தானா மிஞ்சும்"னு நேத்து இங்கே ஒருத்தர் எழுதியிருக்கார். படிச்சதும் எரிச்சல்தான் வந்தது. காசு மிஞ்சுறது வேற, பிள்ளை பழகுறது வேற. இருபது ரூபாய் நாணயம் அஞ்சாக் கொடுங்க. வாங்கின கையோட மூணு செலவு டப்பாவுக்கு, ஒண்ணு உண்டியலுக்கு, ஒண்ணு பெருசா வாங்க நினைக்கிற பொருளுக்குன்னு பிரிக்கட்டும். ஒத்தைத் தாளை எப்படிப் பிரிக்கும்?

மோக்காக்காரன்: அந்த "ஒருத்தர்" நான்தான். பேரைச் சொல்லியே எழுதலாமே. பையில் அஞ்சு நாணயம் குலுங்கினா முதல் இடைவேளையிலேயே ரெண்டு காலி. தாளை நீட்டறதுக்கு முன்னாடி பிள்ளை யோசிக்கும். அந்த யோசனைதான் பயிற்சி.

ரோஸ்ஹில் கணக்கர்: வாரத்துக்கு ஒரே தடவை யோசிக்கும், அவ்வளவுதான். டோல் பூரி, அதான் பருப்பு வெச்ச ரொட்டி, ஒரு சோடி 35 ரூபாய்னு வைங்க. தாளை நீட்டினா மீதி 65: ஐம்பது தாள் ஒண்ணு, பத்து ஒண்ணு, அஞ்சு ஒண்ணு. பின்னால வரிசை நெருக்குது, மணி அடிக்கப் போகுது. எண்ணாமலே பைக்குள்ள திணிச்சுக்கும். சாயங்காலம் பத்து ரூபாய் குறைஞ்சா கடையில் விட்டதா, பஸ்ஸில் விழுந்ததான்னு சொல்லத் தெரியாது. ரெண்டு இருபது நீட்டினா அஞ்சு ரூபாய் திரும்பும். எண்ண வேண்டியது அந்த ஒண்ணைத்தான்.

பாம்ப்ளமூஸ் அக்கா: தாளோ நாணயமோ, புதன்கிழமையே தீர்ந்துபோய் வந்து நிக்கும்போது என்ன செய்வீங்க? அதைப் பேசுங்க. சும்மா எடுத்துக் கொடுத்தா எல்லாம் வீண். கடன்னு சொல்லிக் கொடுங்க. ஒரு நோட்டுப் புத்தகத்தில் தேதி, தொகை எழுதி, பிள்ளையையே கையெழுத்துப் போடச் சொல்லுங்க. இருபது கொடுத்தா அடுத்த ரெண்டு வாரம் பத்துப் பத்தாப் பிடிங்க. ஒரே வாரத்தில் முழுசும் பிடிச்சா மறுபடி புதன்கிழமை வந்து நிக்கும்.

மோக்காக்காரன்: தாளா இருந்தா புதன்கிழமை தீராது அக்கா, அதைத்தானே சொல்றேன்! அதோட அந்த நூறு ரூபாயில் நம்ம தமிழ் அரசியல் தலைவர் ரங்கநாதன் சீனிவாசன் படம் இருக்கு. தமிழ் எழுத்தும் தமிழ் எண்ணும் இருக்கு. 1998-ல் வந்த புதுத் தாள்களில் தமிழை இந்திக்குக் கீழே தள்ளினப்போ நம்ம சனம் எதிர்த்து நின்னதால அந்தத் தாள்களையே திரும்பப் பெற்றாங்க. அது ஒரு வாரம் பிள்ளை கையில் இருக்கட்டுமே.

ரோஸ்ஹில் கணக்கர்: 1998 பத்தி எனக்குப் பாடம் எடுக்க வேண்டாம். எதிர்த்தவங்களில் எங்க குடும்பமும் உண்டு. தமிழ்ப் பெருமையைக் காட்டணும்னா தாளை மேசையில் வெச்சுச் சொல்லிக் கொடுங்க. கணக்குக்கு நாணயம்தான். போன காவடி நிதி வரவு செலவுப் பேச்சிலும் இப்படித்தான் பாதியில் வேற பக்கம் இழுத்தீங்க.

மோக்காக்காரன்: காவடி நிதியில் ரசீது கேட்டது நான். கொடுக்காதது நீங்க. எல்லாருக்கும் ஞாபகம் இருக்கு.

காத்ர்போர்ன் வாணி: ஐயா, என் மகளுக்கு ஆறு வயசு. எவ்வளவு கொடுக்கலாம்?

ரோஸ்ஹில் கணக்கர்: பத்து ரூபாய் போதும்மா, ரெண்டு அஞ்சு ரூபாயா. ஒண்ணு செலவுக்கு, ஒண்ணு சேமிப்புக்கு. கண்ணாடிச் சீசாவில் போடச் சொல்லுங்க. ஏறுறது கண்ணுக்குத் தெரியணும், மண் உண்டியலில் தெரியாது. பார்த்தீங்களா, இங்கேயும் நாணயம்தான்.

மோக்காக்காரன்: பத்து ரூபாய்க்குப் புழக்கத்தில் தாளே இல்லை, வேற எதைக் கொடுப்பாங்க? நான் சொன்னது பத்து வயசுக்கு. பேச்சை மாத்தாதீங்க.

ரோஸ்ஹில் கணக்கர்: பத்து வயசுக்கும் நாணயம்தான். அஞ்சு இருபது.

பாம்ப்ளமூஸ் அக்கா: கடன் நோட்டு பத்தி ரெண்டு பேருமே பதில் சொல்லலை.