"கடலில் உள்ள எல்லாரும்": இந்த வசனத்துக்குச் சிவப்பு மை போட வேண்டுமா?

பனங்கூடல்:

வணக்கம். யாழ்ப்பாணம் வலிகாமத்தில் ஒரு பாடசாலையில் எட்டாம் வகுப்புக்கு ஆங்கிலம் படிப்பிக்கிறேன். 34 பிள்ளைகள், 40 நிமிடப் பாடவேளை. ஒரு சின்ன விசயம்தான், ஆனால் ஒரு கிழமையாக மனதை அரிக்கிறது.

"எனக்குப் பிடித்த சாப்பாடு" பற்றி ஐந்து வசனம் எழுதச் சொன்னேன். பார்த்த கொப்பியெல்லாம் பீட்சா, ஐஸ்கிரீம், பிரைட் ரைஸ். பிடித்ததை எழுதவில்லை, எழுத்துக்கூட்டத் தெரிந்ததை எழுதியிருந்தார்கள். கொப்பியை மூடச் சொல்லிவிட்டு, வீட்டில் கூழ் காய்ச்சினால் என்னென்ன போடுவீர்கள் என்று தமிழில் கேட்டேன். பத்து நிமிடம் வகுப்பு திருநெல்வேலிச் சந்தை மாதிரி ஆகிவிட்டது. ஒடியல் மாவை, அதுதான் காய்ந்த பனங்கிழங்கு மாவை, முதலில் தண்ணீரில் ஊறவைத்துக் கயர்ப்பை எடுக்க வேண்டும் என்று ஒருத்தி பாடம் எடுக்கிறாள். நண்டு போடாவிட்டால் அது கூழே இல்லை என்கிறான் ஒருவன். பயற்றங்காயா முருங்கையிலையா என்று கடைசி வாங்கில் சண்டை. அப்புறம், கூழைக் கண்டே இராத ஒரு வெள்ளைக்காரர் வந்து கேட்டால் எப்படிச் சொல்வீர்கள் என்றேன். சத்தம் நின்றுவிட்டது.

கடைசி வாங்கில் ஒரு பெடியன். கரையோரத்துப் பிள்ளை. முதலாம் தவணையிலிருந்து என் பாடத்தில் வாயே திறக்காதவன். அவன் எழும்பி, "இற் இஸ் எ சூப். எவ்ரிபொடி இன் த சீ இஸ் தெயர்" என்றான். அதாவது, அது ஒரு சூப், கடலில் உள்ள எல்லாரும் அதில் இருக்கிறார்கள். வகுப்பே சிரித்தது. அவனும் சேர்ந்து சிரித்தான். எழுதித் தா என்று வாங்கி, ஒரு சரி போட்டுத் திருப்பிக் கொடுத்துவிட்டேன். திருத்தவில்லை.

கொப்பியைப் பார்த்த மூத்த ஆசிரியர் ஒருவர் இரண்டு கேள்வி கேட்டார். "எவ்ரிதிங் என்று வர வேண்டியதை ஏன் விட்டீர்கள்? ஆங்கிலப் பாடத்தில் பத்து நிமிடம் தமிழில் என்ன கதை?" நான் செய்தது பிழையா?

சிவப்பு_மை:

பிழை, ரீச்சர். இரண்டும் பிழை.

31 வருடம் ஆங்கிலம் படிப்பித்து ஓய்வு பெற்றவன் நான். பிள்ளைக்கு ஆங்கிலம் காதில் விழுகிற நேரம் ஒரு நாளில் அந்த 40 நிமிடம் மட்டும்தான். வீட்டில் தமிழ், தெருவில் தமிழ், கோயிலில் தமிழ். அந்த 40இல் பத்தைத் தமிழுக்குக் கொடுத்தால் கால் பங்கு போய்விட்டது. பாடவேளை முழுக்க ஆங்கிலத்திலேயே கதையுங்கள். இரண்டு தவணை முழிப்பார்கள், மூன்றாம் தவணையில் பிடித்துக்கொள்வார்கள்.

திருத்தாமல் விட்ட பிழை வாழைக்குட்டி மாதிரி, ஒன்று நாலாகும். 1823இல் அமெரிக்க மிஷன்காரர் வட்டுக்கோட்டை செமினரியைத் தொடங்கினார்கள். வேட்டி கட்டிய நம் ஊர்ப் பெடியன்கள் அங்கே கணிதமும் வானியலும் ஆங்கிலத்தில் படித்தார்கள். அவர்களுக்கு யாரும் கூழ்க் கதை சொல்லவில்லை.

நெல்லியடிச்_சந்தி:

நான் ரியூசன் வாத்தி. முதலே சொல்லிவிடுகிறேன், ஏச நினைப்பவர்கள் ஏசலாம்.

சாதாரண தரச் சோதனையில் ஆங்கிலத்துக்கு இரண்டு வினாத்தாள். இரண்டும் எழுத்து. வாய் திறந்து கதைப்பதற்குப் புள்ளி கிடையாது. உயர்தரத்தில் பொது ஆங்கிலம் இருக்கிறது, ஆனால் பல்கலைக்கழக அனுமதிக்குப் பார்க்கிற இசட் புள்ளிக்கு அது சேராது, அதனால் எந்தப் பெற்றோரும் அதற்குக் காசு செலவழிப்பதில்லை. அப்படியிருக்க, "எவ்ரிபொடி இன் த சீ" வடிவான வசனம் என்று விடைத்தாள் திருத்துபவரிடம் போய்ச் சொல்ல முடியுமா? நீங்கள் சரி போட்டுவிடுவீர்கள், பதினோராம் வகுப்பில் அந்தப் பிள்ளை என்னிடம் வரும், நான் முதலில் இருந்து தொடங்க வேண்டும்.

ஸ்காபரோ_பனி:

நெல்லியடி மாஸ்ரர் மாதிரி ஒருவரிடம் படித்த ஆள்தான் நான். செய்வினை, செயப்பாட்டு வினை எல்லாம் தலைகீழாகத் தெரியும். ஆங்கிலத்தில் 80க்குக் கீழே எடுத்ததில்லை.

கனடாவுக்கு வந்த முதல் கிழமை ஒரு அலுவலகத்துக்குப் போனேன். யன்னலுக்கு அந்தப் பக்கம் இருந்த மனிசி நான் சொன்னது விளங்காமல் "கம் அகெயின்?" என்று கேட்டது. திரும்பச் சொல்லுங்கள் என்று அர்த்தம். நான் திரும்ப வரச் சொல்கிறார்கள் என்று நினைத்து "தாங்க் யூ மெடம்" சொல்லிவிட்டு வீட்டுக்கு வந்துவிட்டேன். அடுத்த நாள் காலை பனிக்குள்ளே நடந்து திரும்பவும் போனேன். இலக்கணப்படி பார்த்தால் என்னில் பிழையே இல்லை.

கூழ்ப் பெடியன் என் இடத்தில் நின்றிருந்தால் அந்த மனிசியைச் சிரிக்க வைத்து வேலையை முடித்திருப்பான்.

சிவப்பு_மை:

தம்பி, உம்முடைய கதையே எனக்குச் சாட்சி. உமக்கு ஆங்கிலத்தைத் தமிழில் படிப்பித்திருக்கிறார்கள். அதனால்தான் "கம் அகெயின்" தலைக்குள்ளே "திரும்ப வா" ஆகிவிட்டது.

ஸ்காபரோ_பனி:

அது சரிதான் சேர், மறுக்கவில்லை. ஆனால் அன்றைக்கு "சொறி, விளங்கவில்லை" என்று கேட்க வாய் வராததற்குக் காரணம் தமிழ் இல்லை. பிழையாகக் கேட்டுவிடுவேனோ என்ற பயம். அந்தப் பயம் சிவப்பு மையில் இருந்து வந்தது.

வளாகத்துப்_பெடியன்:

யாழ் பல்கலையில் இரண்டாம் வருடம். உயர்தரம் முழுக்கத் தமிழில் எழுதிவிட்டு, ஒரே நாளில் ஆங்கில விரிவுரைக்குள் விழுந்தவன். முதல் மாதம் விரிவுரையாளர் சொன்னதைத் தமிழ் எழுத்தில் எழுதிக்கொண்டு, அறைக்கு வந்து அகராதி பார்ப்பேன். "ஹைப்போதெசிஸ்" என்பதைப் "பைப்போ தீசிஸ்" என்று எழுதிவைத்துக்கொண்டு, குழாய் பற்றிய பாடமாக்கும் என்று நினைத்த இரவும் உண்டு.

சிவப்பு_மை சேர் செமினரியைச் சொன்னார். அங்கே படித்த சி.வை. தாமோதரம்பிள்ளை சென்னைப் பல்கலைக்கழகத்தின் முதல் பட்டதாரிகளில் ஒருவர். கலித்தொகையை ஏட்டிலிருந்து அச்சுக்குக் கொண்டுவந்தவரும் அவரேதான். ஆங்கிலத்துக்காக அவர் தமிழை வாசலில் கழற்றி வைத்துவிட்டுப் போகவில்லை. அதே அமெரிக்க மிஷனில் வந்த டொக்டர் கிறீன், மானிப்பாயில் முதலில் ஆங்கிலத்தில் மருத்துவம் படிப்பித்தார். பிறகு 1860களில் அதைத் தமிழுக்கு மாற்றி, மருத்துவ நூல்களையும் தமிழில் கொண்டுவந்தார்.

சிவப்பு_மை:

அப்ப இன்றைக்கு உங்கள் மருத்துவ பீடத்தில் தமிழிலா படிப்பிக்கிறார்கள் தம்பி?

வளாகத்துப்_பெடியன்:

இல்லை சேர். அதில் நீங்கள் வென்றீர்கள்.

கோண்டாவில்_அம்மா:

எல்லாரும் ரீச்சரையும் சேரையும் பற்றியே கதைக்கிறீர்கள். என் பக்கத்தையும் கேளுங்கள்.

மகள் ஏழாம் வகுப்பு. கைபேசியில் கார்ட்டூன் பார்த்து "ஓ மை கோட்" எல்லாம் அமெரிக்கப் பிள்ளை மாதிரிச் சொல்லுவாள். காய்ச்சல் என்று பாடசாலைக்கு ஒரு லீவுக் கடிதம் ஆங்கிலத்தில் எழுதச் சொன்னால் பேனையைக் கடிக்கிறாள். எனக்கும் இவருக்கும் ஆங்கிலம் தெரியாது. இரவில் அவளோடு இருந்து படிப்பிக்க எனக்கு இருக்கிற ஒரே துணை கொப்பியில் உள்ள சிவப்புக் கோடுதான். "இதை ரீச்சர் திருத்தியிருக்கிறா, அஞ்சு தரம் எழுது" என்று சொல்லலாம். சரி போட்டிருந்தால் நான் சரி என்றுதான் நினைப்பேன். தெரிந்த வீடுகளில் தாயோ தகப்பனோ பார்த்துத் திருத்துவார்கள். எங்கள் மாதிரி வீடுகளில் பிழை அப்படியே தங்கிவிடும். பயப்படக்கூடாது என்று நீங்கள் சொல்வது விளங்குகிறது. ஆனால் திருத்தாமல் விடுவது எங்களுக்குத்தான் நட்டம்.

பனங்கூடல்:

அக்கா, நீங்கள் சொன்னது நெஞ்சில் தைத்தது. நான் அந்தப் பெடியனின் முகத்தைத்தான் பார்த்தேன், அவன் வீட்டு மேசையை நினைக்கவில்லை.

ஆனால் சேர், 40 நிமிடம் முழுக்க ஆங்கிலம் என்பதில் எனக்கு இன்னும் உடன்பாடு இல்லை. 40 நிமிடத்தை 34 பேருக்குப் பிரித்தால் ஆளுக்கு 70 செக்கன். நான் ஒரு வார்த்தை கதைக்காமல் இருந்தால்தான் அதுவும். நான் மூச்சுவிடாமல் ஆங்கிலம் கதைத்தால் அந்த 70உம் எனக்கே போய்விடும்.

தமிழ் இடைஞ்சல் என்றும் எனக்குத் தோன்றவில்லை. ஒன்று சொல்லுகிறேன். ஆங்கில 'ரீ' (T) எழுத்தின் உச்சரிப்பை இங்கே நான் படிப்பிப்பதே இல்லை. "காற்று" என்று சொல்லிப் பாருங்கள், நாக்கு மேல்முரசில் முட்டுகிறதல்லவா, அதுதான் என்று சொன்னால் முடிந்தது. யாழ்ப்பாணத்து "ற்ற" ஆங்கிலக்காரனின் நாக்கு நிற்கிற அதே இடத்தில்தான் நிற்கிறது. இந்தியாக்காரர் "டொராண்டோ" என்று எழுதுவதை நாங்கள் "ரொறன்ரோ" என்று எழுதுவதும் அதனால்தான். ஸ்காபரோக்காரர் சாட்சி சொல்லட்டும். ஆனால் எப் (F) எழுத்துக்கு அப்படி ஒரு உதவி இல்லை. "பான்" என்றால் எங்களுக்குச் சட்டியும் வரும், மின்விசிறியும் வரும். அதற்கு மேற்பல்லைக் கீழ் உதட்டில் வைத்து, முன் வாங்குப் பிள்ளைகள் எச்சில் மழையில் நனைவதைத் தவிர வழியே இல்லை.

ஸ்காபரோ_பனி:

சாட்சி சொல்லுகிறேன். ரொறன்ரோதான்.

வளாகத்துப்_பெடியன்:

வசனத்துக்குத் திரும்புவோம். "எவ்ரிபொடி" பிழை என்கிறீர்கள். பெடியன் தமிழில் நினைத்தது "கடலில் உள்ள எல்லாரும்". நண்டும் இறாலும் அஃறிணை, "எல்லாம்" என்றுதான் வர வேண்டும், அது சரி. ஆனால் தமிழ் இலக்கணத்திலேயே திணை வழுவமைதி இருக்கிறதே, காரணத்தோடு திணை மாற்றிச் சொன்னால் பிழையில்லை என்ற விதி. பசு வருவதைக் கண்டு "என் அம்மை வந்தாள்" என்று ஒருவன் மகிழ்ச்சியில் சொன்னால், அது வழு இல்லை என்று ஒன்பதாம் வகுப்பில் படித்தோம். நண்டில் இவனுக்கு அதே உவப்பு. ஆங்கிலத்தில் வழுவமைதி செய்திருக்கிறான்.

நெல்லியடிச்_சந்தி:

ஹா ஹா. இதை விடைத்தாள் திருத்துபவருக்கு யார் விளங்கப்படுத்துவது?

சிவப்பு_மை:

தம்பி கெட்டிக்காரன். நான் சிரித்ததை ஒப்புக்கொள்கிறேன்.

ஆனால் ஒரு கேள்வி. வழுவமைதி யாருக்கு? விதி தெரிந்து, வேண்டுமென்றே மீறியவனுக்கு. பசு அஃறிணை என்று தெரிந்தவன் "அம்மை" என்றால் அது அன்பு. தெரியாதவன் சொன்னால் அது வெறும் பிழை. அந்தப் பெடியனுக்கு "எவ்ரிதிங்" தெரியுமா? ரீச்சர், அவனிடம் கேட்டீர்களா?

பனங்கூடல்:

கேட்கவில்லை சேர். நாளைக்கு இரண்டாம் பாடவேளை இருக்கிறது.

கோண்டாவில்_அம்மா:

கேட்டுவிட்டு வந்து எழுதுங்கள் ரீச்சர். இரவுச் சமையலை முடித்துவிட்டுப் பார்க்கிறேன்.

பனங்கூடல்:

கேட்டேன். அவனுக்குத் தெரியாது. இரண்டும் ஒன்றுதானே ரீச்சர் என்றான். ஆக, வளாகத்துத் தம்பியின் வழுவமைதி கவிழ்ந்தது, சேர் சொன்னதுதான் சரி.

கரும்பலகையை நடுவில் கோடு போட்டுப் பிரித்து, ஒரு பக்கம் "எவ்ரிபொடி", மறுபக்கம் "எவ்ரிதிங்" என்று எழுதினேன். கூழில் போடுகிறதையெல்லாம் வந்து பிரித்து எழுதுங்கள் என்றேன். புளி, செத்தல் மிளகாய், பலாக்கொட்டை, மரவள்ளிக்கிழங்கு எல்லாம் சண்டையில்லாமல் "எவ்ரிதிங்" பக்கம் போயின. நண்டில்தான் வகுப்பு இரண்டாக உடைந்தது. பானையில் விழும் வரைக்கும் நண்டு "எவ்ரிபொடி", விழுந்த பிறகு "எவ்ரிதிங்" என்று முன் வாங்கில் இருந்த ஒருத்தி தீர்ப்புச் சொன்னாள். பெடியன் ஒத்துக்கொள்ளவில்லை. தன்னுடைய கூழில் எல்லாரும்தான் இருப்பார்கள் என்றான். இந்த முறை தெரிந்துகொண்டு சொன்னான்.

அந்தச் சண்டையில் பாதி ஆங்கிலம், பாதி தமிழ். "நோ, நோ, கிராப் இஸ் டெட்!" என்று ஒருவன் கத்தியதை நான் திருத்தவில்லை. ஆனால் அக்கா சொன்னதுக்காக, எல்லாக் கொப்பியிலும் பக்கத்தின் கீழே சரியான வசனத்தை என் கையால் எழுதிவிட்டேன். பிழையை வெட்டாமல், கீழே மட்டும். 34 கொப்பி, இரவு பதினொன்றரை ஆகிவிட்டது.

நெல்லியடிச்_சந்தி:

ஒவ்வொரு நாளும் இப்படிச் செய்ய ஏலாது ரீச்சர்.

பனங்கூடல்:

ஏலாதுதான். கிழமைக்கு ஒன்று செய்யலாம்.

கோண்டாவில்_அம்மா:

கீழே எழுதியிருந்தால் எனக்குப் போதும்.

சிவப்பு_மை:

தமிழ் விசயத்தில் என் கருத்து மாறவில்லை. பத்து நிமிடத்தை ஐந்தாகக் குறையுங்கள். இன்னொன்று. அந்த வசனத்தின் கடைசியில் வரும் "தெயர்", அதற்குப் பெடியன் எழுத்துக்கூட்டியது எப்படி?

பனங்கூடல்:

ரீ, எச், ஈ, ஐ, ஆர். "அவர்களுடைய" என்கிற தெயர்.

சிவப்பு_மை:

நினைத்தேன். அதற்காவது சிவப்பு மை போட்டீர்களா?

பனங்கூடல்:

அதற்கு மட்டும் போட்டேன் சேர்.