ஸ்டார் ஸ்க்ரூ வழவழன்னு ஆயிடுச்சு, புது டூல் செட் வாங்கணுமா?

புதுக்கை:
பழைய ஜப்பான் கேசட் டெக் ஒன்றைத் திறக்க உட்கார்ந்தேன். கையில் இருப்பது 32 பிட் (ஸ்க்ரூடிரைவரில் மாட்டும் முனை) டப்பா செட். மூணு ஸ்க்ரூ வந்துடுச்சு. நாலாவதில் பிட் வழுக்கி, கூட்டல் குறி இருந்த இடம் இப்போ குட்டிக் கிண்ணம். கட்டர் கதை வேறு: கிடார் கம்பியை வெட்டினேன், வாயில் பிறை மாதிரி பள்ளம். எல்லாத்தையும் தூக்கிப் போட்டுட்டு 100 பிட் செட்டா வாங்கிடலாமா?

ஈயப்புகை:
அவசரப்படாதீங்க. கழற்றின ஸ்க்ரூ தலையில் சின்னதா ஒரு புள்ளி இருக்கா? எந்த பிட் போட்டீங்க?

புதுக்கை:
புள்ளி இருக்கு! போட்டது பிஎச்1, அதாவது சாதாரண கூட்டல் குறி பிலிப்ஸ் வகையில் 1-ஆம் நம்பர். லேசா ஆடிச்சு, பரவாயில்லைன்னு திருகிட்டேன்.

ஈயப்புகை:
அந்த ஆட்டம்தான் ஸ்க்ரூவைத் தின்னது. புள்ளி இருந்தா ஜேஐஎஸ், அதாவது ஜப்பான் அளவு. பார்க்க பிலிப்ஸ் மாதிரியே இருக்கும், ஆனா பிலிப்ஸ் முனை அதில் முழுசா இறங்காது. எம்3 (3 மி.மீ. தடிமன்) ஸ்க்ரூன்னா 2-ஆம் நம்பர் ஜேஐஎஸ் போடுங்க. முழுக் கைப்பிடி உள்ளதா இருக்கட்டும், பென்சில் தடிமன் பிடியில் அழுத்தம் வராது. பலத்தில் முக்கால்வாசி அழுத்தத்துக்கு, மிச்சம்தான் திருகலுக்கு. இப்போதைக்கு அகலமான ரப்பர் பேண்டை நடுவில் வைத்து அழுத்திப் பாருங்க.

பலகைப்பூச்சி:
டிரில் போட்டு தலையை எடுத்துடலாமே?

ஈயப்புகை:
கடைசி வழி அது. இரும்புத் தூள் போர்டில் விழுந்தா, ஸ்க்ரூவை விட்டுட்டு ஷார்ட்டைத் தேடிட்டு இருக்கணும்.

பலகைப்பூச்சி:
சரிதான். கட்டர் பத்தி நான் சொல்றேன்: ஃப்ளஷ் கட்டர், அதாவது ஒட்டி வெட்டும் சின்னக் கட்டர், செம்புக் கம்பிக்கும் காம்பொனன்ட் காலுக்கும் மட்டும். கிடார் கம்பி எஃகு, அதுக்கு வேற தடித்த கட்டர். வாயை மூடி வெளிச்சத்தில் பிடிச்சுப் பாருங்க, பள்ளத்தைத் தவிர மிச்சம் ஒட்டி இருந்தா நுனியை வச்சு இன்னும் ஓட்டலாம். வெட்டும்போது துண்டை விரலால் பிடிச்சுக்கோங்க, கண்ணுக்குத்தான் பறக்கும். 100 பிட்டில் பாதியை நீங்க தொடவே மாட்டீங்க. ஜேஐஎஸ் 0, 1, 2, ஒரு கட்டர், நுனி ரெண்டும் நேரா சேர்ற ட்வீசர், இது போதும்.

புதுக்கை:
ரப்பர் பேண்ட் கிழிஞ்சதுதான் மிச்சம். 2-ஆம் நம்பர் ஜேஐஎஸ் வாங்கி, மேல் உடம்பு பாரத்தையே வச்சு அழுத்தினேன். 'டக்'னு ஒரு சத்தம், வந்துடுச்சு! ஆனா மூடி இன்னும் அசையலை.

ஈயப்புகை:
பின்பக்க ஸ்டிக்கரை விரலால் தடவிப் பாருங்க. எங்கயாவது பள்ளமா அமுங்குதா?

புதுக்கை:
அமுங்குது. அஞ்சாவது ஸ்க்ரூ.