லிட்டில் ஃபீட் ‘லெட் இட் ரோல்’ (1988): கேட்டவர்கள், வாசிப்பவர்கள் அனுபவம்

நீலஸ்வரம்

1979 ஜூன் 29-ல் அமெரிக்க ராக் குழு லிட்டில் ஃபீட்டின் லோவெல் ஜார்ஜ் மாரடைப்பில் இறந்தார். வயது 34. குழுவின் முக்கியக் குரல், ஸ்லைடு கித்தார் (விரலில் குழாய் மாட்டிக் கம்பி மேல் வழுக்கி வாசிப்பது), பேர் வாங்கித் தந்த பாட்டுகளில் பெரும்பாலானவை எல்லாம் அவருடையவை. லிட்டில் ஃபீட் அத்தோடு முடிந்தது என்றுதான் எல்லோரும் நினைத்தார்கள். ஒன்பது வருஷம் கழித்து ‘லெட் இட் ரோல்’ ஆல்பம் வந்தது. முதல் பாட்டு ‘ஹேட் டு லூஸ் யுவர் லவ்வின்’ பில்போர்டின் ராக் வானொலிப் பட்டியலில் முதலிடம் பிடித்தது. அமெரிக்காவில் ஐந்து லட்சம் பிரதிக்கான கோல்டு சான்றிதழும் கிடைத்தது. அப்படியிருந்தும் இந்தக் குழுவைப் பற்றிப் பேச்செடுத்தால் ‘டிக்ஸி சிக்கன்’ (1973), ‘வெயிட்டிங் ஃபார் கொலம்பஸ்’ (1978) இரண்டோடு நிறுத்திக்கொள்கிறார்கள். அந்த வரிசையில் இதற்கும் இடம் உண்டு என்பது என் உறுதியான கருத்து.

காரணம் ஆட்கள்தான். 1972-க்குப் பிறகு நிலைத்த ஆறு பேரில் ஐந்து பேர் இந்த ஆல்பத்தில் இருக்கிறார்கள்: பில் பெய்ன் (பியானோ, கீபோர்டு), பால் பாரியர் (கித்தார்), ரிச்சி ஹேவர்டு (டிரம்ஸ்), கென்னி கிராட்னி (பேஸ்), சாம் கிளேடன் (காங்கோ). புதிதாகச் சேர்ந்தவர்கள் இரண்டே பேர். பியூர் ப்ரெய்ரி லீக் குழுவிலிருந்து வந்த பாடகர் கிரெய்க் ஃபுல்லர் ஒருவர். இன்னொருவர் ஃப்ரெட் டாக்கெட். அவரும் அந்நியர் இல்லை, ‘டிக்ஸி சிக்கன்’ ஆல்பத்தில் வரும் ‘ஃபூல் யுவர்செல்ஃப்’ அவர் எழுதிய பாட்டு. தலைப்புப் பாட்டை பாரியர், பெய்னோடு சேர்ந்து எழுதிய மார்ட்டின் கிபீ, லோவெலோடு ‘டிக்ஸி சிக்கன்’ பாட்டையும் எழுதியவர். வீடு பழையதுதான், ஒரு அறைக்கு மட்டும் ஆள் மாறியிருக்கிறது.

ஃபுல்லர் லோவெலின் நகல் என்ற குறையை நான் ஏற்கவில்லை. குரலின் நிறம் கிட்டத்தட்ட ஒன்று, பாடும் முறை வேறு. லோவெல் தாளத்துக்குக் கொஞ்சம் பின்னால் இழுத்து, சொல்லின் கடைசியை விழுங்குவார். ஃபுல்லர் கன்ட்ரி ராக் வழியில் வந்தவர், சொல்லைத் தெளிவாகத் தாளத்தின் மேலேயே வைப்பார். ‘ஹாங்கின் ஆன் டு த குட் டைம்ஸ்’ பாட்டையும் லோவெல் பாடிய ‘வில்லின்’ பாட்டையும் அடுத்தடுத்துக் கேளுங்கள், வித்தியாசம் உடனே பிடிபடும்.

கம்பிக்காரன்

நீலஸ்வரம் சார் குரலைச் சொல்லிட்டார், நான் ஸ்லைடு பக்கம் வர்றேன். இந்த ஆல்பத்தில் பாரியரும் டாக்கெட்டும் வாசிக்கிறது லோவெல் போட்ட பாதையில்தான். அதனால் கூடவே வாசிக்க ஆசைப்படுறவங்க லோவெலின் அமைப்பிலிருந்து ஆரம்பிக்கிறது நல்லது.

லோவெல் விரலில் மாட்டினது இசைக்கருவிக் கடை ஸ்லைடு இல்லை. சியர்ஸ் கடையில் விற்ற கிராஃப்ட்ஸ்மேன் ஸ்பார்க் பிளக் சாக்கெட், 11/16 இன்ச். மில்லிமீட்டரில் கிட்டத்தட்ட 17.5. மெக்கானிக் கடையில் பாக்ஸ் ஸ்பானர்னு கேட்டாலும் எடுத்துக் கொடுப்பாங்க, நீளமான டீப் வகையா பார்த்து வாங்குங்க. உள்ளே பிளக்கைப் பிடிச்சுக்க ரப்பர் வளையம் இருந்தால் எடுத்துடுங்க. உள்பக்கம் அறுகோணம், சுண்டு விரல் மூட்டில் உறுத்தும். துணி டேப் ஒரு சுற்று ஒட்டினால் உறுத்தாது, வழுக்கவும் செய்யாது. வெளிப்பக்கம் எழுத்தோ வெட்டோ இல்லாத வழவழப்பான சாக்கெட்தான் வேணும். எழுத்தோ வெட்டோ இருந்தால் கம்பியில் உரசி கரகரன்னு கேட்கும்.

டியூனிங் ஓப்பன் ஏ, அதாவது எந்த இடத்திலும் அழுத்தாமல் எல்லாக் கம்பியையும் மீட்டினாலே ஏ மேஜர் கார்டு கேட்கும். தடித்த கம்பியிலிருந்து ஈ, ஏ, ஈ, ஏ, சி ஷார்ப், ஈ. அதாவது நாலாவது, மூணாவது, ரெண்டாவது கம்பிகளை மட்டும் ஒரு முழு ஸ்வரம் (ரெண்டு ஃப்ரெட் தூரம்) ஏத்தணும். இங்கதான் நிறைய பேருக்குக் கம்பி அறுந்து போகுது. ஒரு முழு ஸ்வரம் ஏத்தினால் அந்தக் கம்பியின் இழுவிசை சுமார் 26 சதவீதம் கூடுது. ஸ்ட்ராட்டோகாஸ்டர் மாதிரி ஸ்பிரிங் பிரிட்ஜ் இருந்தால் பிரிட்ஜ் தூக்கிக்கும், மீதி மூணு கம்பியும் சுருதி இறங்கிடும். பின்பக்க மூடியைக் கழற்றி இன்னொரு ஸ்பிரிங் போடுங்க, இல்லேன்னா ஸ்பிரிங் பிடிச்சிருக்கிற ரெண்டு திருகையும் இறுக்குங்க. பழைய கித்தாருக்கு இந்த வம்பே வேண்டாம். ஆறாவது, அஞ்சாவது, முதல் கம்பிகளை ஒரு முழு ஸ்வரம் இறக்கினால் ஓப்பன் ஜி. ரெண்டாவது ஃப்ரெட்டில் கேப்போ (எல்லாக் கம்பியையும் ஒண்ணா அமுக்குற கிளிப்) போட்டால் ஒலி அதே ஓப்பன் ஏ, கழுத்துக்கும் பாரம் இல்லை.

சாக்கெட் கனமானது. கம்பி உயரம் குறைவா இருந்தால் ஃப்ரெட்டில் டக்டக்னு இடிக்கும். நட் (கழுத்து முனையில் கம்பி உட்கார்ற கட்டை) பக்கமும் பிரிட்ஜ் பக்கமும் கொஞ்சம் உயர்த்தி, 11 அல்லது 12 கேஜ் தடிமன் கம்பி போடுங்க. ஸ்லைடு நிக்க வேண்டிய இடம் ஃப்ரெட் கம்பிக்கு நேர் மேலே. விரலால் அழுத்துற பழக்கத்தில் ஃப்ரெட்டுக்குப் பின்னாடி நிறுத்துறதுதான் சுருதி இறங்குறதுக்கு முதல் காரணம். ஏ-க்குத் திறந்த கம்பி அல்லது 12, டி-க்கு 5, ஈ-க்கு 7. இந்த மூணு இடத்துக்குள்ளே பெரும்பாலான ப்ளூஸ் முடிஞ்சிடும்.

ஸ்லைடுக்குப் பின்னாடி இருக்கிற ஆள்காட்டி, நடு விரல்களைக் கம்பி மேல லேசா படர விடுங்க. பின்பக்கம் எழும் தேவையில்லாத முனகல் அடங்கும். வலது கையில் பிக் வேண்டாம், விரல்களே வாசிக்காத கம்பிகளை அமுக்கிப் பிடிக்கும்.

லோவெலின் ஸ்வரம் அவ்வளவு நேரம் நிக்கிறதுக்குக் காரணம் கம்ப்ரெஸர் (சத்தத்தின் ஏற்ற இறக்கத்தைச் சமப்படுத்துற பெடல்), எம்எக்ஸ்ஆர் டைனா காம்ப். அதில் குமிழ் ரெண்டே ரெண்டு. சென்சிட்டிவிட்டியை முக்கால் அளவுக்கு ஏத்தி, அவுட்புட்டைப் பாதியில் வைங்க. கித்தாரிலிருந்து நேரா கம்ப்ரெஸர், அதுக்கப்புறம் ஆம்ப். டிஸ்டார்ஷன் பெடலுக்குப் பின்னாடி கம்ப்ரெஸரை வெச்சால் நீங்க வாசிக்காத நேரத்தில் இரைச்சல் பொங்கி மேல வரும்.

தவில்நேசன்

இந்தக் குழுவின் உயிர் தாளம். ‘ஹேட் டு லூஸ்’ பாட்டில் அது முதல் நொடியிலேயே தெரியும், நியூ ஆர்லியன்ஸ் தெரு ஊர்வல நடை. ஒவ்வொரு முறை கேட்கும்போதும் ஹேவர்டின் ஸ்னேர் எங்கே விழப்போகிறது என்று காது தேடிக்கொண்டே இருக்கும். அந்த மனிதரை நான் கொண்டாடாத நாள் இல்லை.

இந்த வகை நடை கைக்கு வர 3-2 கிளாவேயில் (மூன்று தட்டு, பிறகு இரண்டு தட்டு என வரும் கியூபத் தாள வடிவம்) தொடங்குங்கள். 16 மாத்திரையில் 1, 4, 7, 11, 13-ல் தட்டு. நம் சொற்கட்டில் சொன்னால் *தகிட தகிட தகதிமி தக தகதிமி*, ஒவ்வொரு சொல்லின் முதல் எழுத்திலும் ஒரு தட்டு. மெட்ரோனோம் நிமிடத்துக்கு 80, ஒரு கிளிக்குக்கு நாலு மாத்திரை. வாயும் கையும் ஒத்துப்போன பிறகு காலால் நாலு அடி சேருங்கள். ‘ஃபேட் மேன் இன் த பாத்டப்’ பாட்டில் இந்த வடிவம் அப்பட்டமாக இருக்கிறது. அதில் பழகிவிட்டு இந்த ஆல்பத்துக்கு வந்தால் சுலபம்.

கச்சேரியில் இந்தப் பாட்டுகளை வாசிக்கும் குழுக்கள் கெடுப்பது ஒரே இடத்தில்: டிரம்மர் 2, 4-ல் ஸ்னேரை ஓங்கி அடிப்பார், உடனே கித்தார் எல்லா அடியையும் நிரப்பும். நடை செத்துவிடும், சாதாரண ராக் ஆகிவிடும். கிராட்னியின் பேஸைக் கவனியுங்கள், அவர் வாசிக்காமல் விடுகிற இடத்தில்தான் கிளேடனின் காங்கோ பேசுகிறது. பெய்னின் பியானோவும் அப்படித்தான். இடது கை அடியைப் பிடித்திருக்க, வலது கை மும்மூன்றாக உருளும். நியூ ஆர்லியன்ஸ் பியானோ கலைஞர் புரொஃபசர் லாங்ஹேர் வழி அது. ஒத்திகையில் முதலில் பேஸும் காங்கோவும் மட்டும், பிறகு டிரம்ஸ், கித்தார் கடைசியில். இந்த வரிசையை மாற்றாதீர்கள்.

ஊசிமுனை

ஒலிப்பதிவு பற்றி ஒரு வார்த்தை. பில் பெய்னோடு சேர்ந்து தயாரித்தவர் ஜார்ஜ் மாசென்பர்க். பாராமெட்ரிக் ஈக்வலைசர் (வேண்டிய அதிர்வெண்ணைத் தேர்ந்து கூட்டவோ குறைக்கவோ உதவும் கருவி) பற்றி 1972-ல் ஏஇஎஸ் என்ற ஒலிப் பொறியாளர் அமைப்பில் கட்டுரை வாசித்தவர் இவர்தான். இதே குழுவின் 1974 ஆல்பம் ‘ஃபீட்ஸ் டோன்ட் ஃபெயில் மி நவ்’ மேரிலாந்தின் ஹன்ட் வேலியில் பதிவானபோதும் இவரே இஞ்சினியர்.

1974 ஆல்பத்தைக் கேட்ட காதுக்கு 1988 ஒலி பளபளப்பாகத் தெரியும், அந்தக் காலத்து வாடை அது. உறுத்தினால் பாராமெட்ரிக் ஈக்யூவில் 3 கிலோஹெர்ட்ஸில் 1.5 டெசிபல் குறையுங்கள், க்யூ (பட்டை அகலத்தைத் தீர்மானிக்கும் அளவு) 1. 90 ஹெர்ட்ஸில் 2 டெசிபல் கூட்டினால் கிராட்னி முன்னால் வருவார். அதற்கு மேல் போகாதீர்கள், காங்கோ மங்கிவிடும். இரண்டு பதிப்புகளை ஒப்பிடும்போது முதலில் ஒலி அளவைச் சமமாக்குங்கள். சத்தம் கூடுதலான பதிப்பு எப்போதும் நன்றாக இருப்பது போலத் தோன்றும்.

எல்பி வாங்குபவர்கள் கடைசிப் பாட்டு ‘வாய்ஸஸ் ஆன் த விண்ட்’டை முதலில் போட்டுப் பார்க்கவும். கூட்டுக் குரல்கள் தட்டின் உள்விளிம்பில் இருக்கின்றன. தேய்ந்த பிரதி என்றால் ‘ஸ’ ஒலி அங்கேதான் கிழியும். கிழிந்தால் முதலில் கார்ட்ரிட்ஜ் கோணத்தையும் ஊசி அழுத்தத்தையும் சரிபாருங்கள், அதன் பிறகு தட்டைக் குறை சொல்லலாம்.

புதுக்கம்பி

கம்பிக்காரன் அண்ணே, சாக்கெட் பெரிசா இருக்கு, விரலில் நிக்க மாட்டேங்குது. கண்ணாடி ஸ்லைடு போதுமா?

கம்பிக்காரன்

போதும் தம்பி. ஆனா கண்ணாடி எடை குறைவு, ஸ்வரம் சீக்கிரம் தேஞ்சிடும், ஒலியும் மிருதுவா இருக்கும். ‘லெட் இட் ரோல்’ தலைப்புப் பாட்டு மாதிரி வேகமா பியானோவோட மோதுறதுக்கு அது பத்தாது. தடித்த பித்தளை ஸ்லைடு வாங்கு. சுண்டு விரலில் மாட்டிக் கையைத் தொங்கவிட்டால் விழக் கூடாது, அதுதான் அளவு. கம்ப்ரெஸரை மட்டும் சாக்கெட்டுக்கு வெச்சதை விடக் கொஞ்சம் குறைச்சு வெச்சுக்கோ.