மாடியில் கொத்தமல்லி பூத்துவிட்டது: கிள்ளணுமா, விடணுமா?

மதுரை மாடி:
12 இன்ச் க்ரோ பேக்ல பிப்ரவரி கடைசியில விதைச்ச கொத்தமல்லி. 35 நாள்லயே நடுத்தண்டு நீண்டு மொட்டு வந்துடுச்சு. புது இலையெல்லாம் சோம்பு இலை மாதிரி நூல் நூலா இருக்கு. மொட்டைக் கிள்ளினா மறுபடி அகல இலை வருமா? பக்கத்துல திருநீற்றுப்பச்சிலை கதிர் விட்டிருக்கு, ஒன்றரை வயசு கறிவேப்பிலையும் கொத்தா பூத்திருக்கு. எல்லாத்துக்கும் ஒரே வைத்தியமா?

விதைப்பெட்டி:
மல்லிக்குக் கிள்ளிப் பலன் இல்லீங்க. அது ஒரு பருவச் செடி. தண்டு எழும்பிட்டா திரும்ப இலைக்கு வராது. ஒரு மொட்டைக் கிள்ளினா பக்கக் கணுவுல இருந்து நாலு மொட்டு வரும், அவ்வளவுதான். பகல் வெயில் 30 டிகிரியைத் தாண்டுறது, பகல் நீள்றது, பை காய்ஞ்சு காய்ஞ்சு நனையிறது, இந்த மூணும்தான் காரணம். நாற்று பிடுங்கி நட்டிருந்தா இன்னும் சீக்கிரம் பூக்கும். ஆணிவேர் அசைஞ்சா அதுக்கு ஆகாது.

தண்டு எழும்பாத செடிகளை இன்னிக்கே வேரோட பிடுங்கிச் சமையலுக்கு எடுங்க. வேரைத் தட்டி ரசத்துல போடலாம், இலையை விட வாசம் தூக்கலா இருக்கும். பூத்ததுல நாலஞ்சு செடியை விதைக்கு விடுங்க. கடைசியா பூத்ததை விடுறது நல்லது. முதல்ல பூத்ததோட விதையையே எடுத்தா அடுத்த போகமும் அவசரமா பூக்கும்.

காய் பாதிக்கு மேல பச்சை மாறிப் பழுப்பானதும் விடிகாலையில, பனி ஈரம் இருக்கும்போதே அறுங்க. வெயில் ஏறினா கொட்டிடும். காகிதப் பைக்குள்ள தலைகீழா நிழல்ல ஒரு வாரம் தொங்க விட்டா போதும். பச்சைக் காயைப் பறிச்சுத் துவையல்லயும் அரைக்கலாம்.

கணுப்பார்வை:
ஒரே வைத்தியம் கிடையாதுங்க. திருநீற்றுப்பச்சிலைக்குக் கிள்ளல் நல்லா வேலை செய்யும். கதிரை மட்டும் உருவாதீங்க. கதிருக்குக் கீழே ரெண்டு ஜோடி இலை தள்ளி, கணுவுக்குச் சற்று மேலே வெட்டுங்க. அந்த ஜோடியோட கக்கத்துல மிளகளவு ரெண்டு குருத்து தெரியும், அதுதான் அடுத்த கிளை. மொத்தச் செடியில மூணுல ஒரு பங்குக்கு மேல எடுக்க வேண்டாம். இலையே இல்லாத கட்டைத் தண்டு வரைக்கும் வெட்டினா பெரும்பாலும் துளிர்க்காது. ஒரு கதிரை மட்டும் முத்த விடுங்க; அதுல வர்ற கருப்பு விதைதான் சப்ஜா.

கறிவேப்பிலைக்குப் பூங்கொத்து கிளை நுனியில வரும். அதனால பூத்த கிளை அதுக்கு மேல நீளாது. கொத்துக்குக் கீழே ரெண்டு இலையோட சேர்த்து நறுக்குங்க, பக்கக் கிளை வரும். ஒன்றரை வயசுக் கன்னுல காய் பிடிக்க விடுறது வீண். வெட்டின கையோட ரெண்டு கைப்பிடி மண்புழு உரம் போட்டுத் தண்ணி விடுங்க.

கத்தரி ரசிகர்:
ஒரு திருத்தம். பூத்த மல்லியை விதைக்கு மட்டும்னு நினைக்காதீங்க. அந்தக் குட்டிக் குட்டிப் பூவுக்குப் பொறிவண்டும் சின்னக் குளவிகளும் வரும், அதுங்க செடியைத் தாக்குற பூச்சிகளைக் குறைக்கும். அந்தப் பையைக் கத்தரி, மிளகாய்த் தொட்டி பக்கம் நகர்த்தி வைங்க. மல்லித் தண்டுலயே அசுவினி (சாறு உறிஞ்சுற குட்டிப் பூச்சி) ஏறினா தண்ணியைப் பீய்ச்சி அடிச்சாலே போகும். வேப்பெண்ணெய் அடிச்சே ஆகணும்னா லிட்டருக்கு 5 மில்லி, கொஞ்சம் சோப்புக் கரைசல், தேனீ அடங்கின சாயங்காலம் மட்டும்.

மதுரை மாடி:
நன்றிங்க. மே மாசத்துக்கு மல்லியே வேண்டாமா?

விதைப்பெட்டி:
பாதி வெயிலைத் தடுக்கிற 50 சதவீத ஷேட் நெட் (நிழல் வலை) கீழே, காலை வெயில் மட்டும் படுற இடத்துல போடலாம். விதையைச் செருப்பால லேசா தேய்ச்சு ரெண்டா உடைச்சு, ராத்திரி ஊற வெச்சு, நேரா பையிலயே விதைங்க. 15 நாளுக்கு ஒரு பைன்னு போட்டு, 30 நாள்ல மொத்தமா பிடுங்கிடுங்க. அதுக்கு மேல வெச்சா மறுபடி இதே கேள்வியோட வருவீங்க.